கேட்காமல் எடுத்த படம்

மன்னார்குடி தேரடிப் பக்கம் வந்து, காதர் மைதீன் யார் என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'எடுக்கலாமா பாய்' எங்கே என்று கேளுங்கள், கையோடு கூட்டிக்கொண்டு போய் நூர் ஸ்டுடியோ வாசலில் விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டப்பெயர் ஊர் அவருக்குக் கொடுத்த பரிசு இல்லை. அவராக வாங்கிக் கட்டிக்கொண்டது.

நான் தங்கையன். தாலுகா ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவன். முன்கோபக்காரன் என்று எனக்குப் பேர் உண்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவன் வரப்புச் சண்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் கோபம் வரும். காதர் மைதீன் விஷயத்தில் என் கண்ணால் பார்த்ததையும் அவர் வாயால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். அவரைத் தூக்கி வைத்துப் பேசும் உத்தேசம் எனக்கு இல்லை. அவர் செய்தது தப்பு. அதை அவரே சபையில் சொல்லிவிட்டார்.

முதலில் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். சந்தையிலோ ஆற்றங்கரையிலோ ஒரு முகம் அவருக்குப் பிடித்துவிட்டால் கேமராவை உடனே வெளியே எடுக்கமாட்டார். அது தோல் உறைக்குள்ளேயே தொங்கும். பத்தடி தள்ளி நிற்பார். அந்த ஆள் தன்னைத் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பார். பார்த்ததும் உறையைத் தட்டிக் காட்டி, "எடுக்கலாமாங்க?" என்பார். எதுக்கு என்று கேட்டால், கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவா, பத்திரிகைக்கு அனுப்பவா, சும்மா தன் ஆசைக்கா என்று உள்ளதைச் சொல்வார். சிரித்துக்கொண்டே "வேணாம் பாய்" என்றால் கேமரா உறையிலேயே இருக்கும்.

"சிரிச்சாங்களே, இன்னொரு தடவை கேட்டா ஒத்துக்குவாங்க" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"சிரிச்சது மரியாதைக்குங்க. வேணாம்னாங்களே, அதுதான் பதில்" என்றார்.

பெண்பிள்ளையை எடுக்க வேண்டுமானால் பக்கத்தில் நிற்கும் புருஷனைக் கேட்கமாட்டார். அந்த அம்மாளைத்தான் கேட்பார். இதற்காக இரண்டு புருஷன்மார்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். சாப்பிடுகிறவர்கள், குளிக்கிறவர்கள், எழவுக்குப் போகிறவர்கள் பக்கம் கேமரா திரும்பவே திரும்பாது. எடுத்த படத்தில் ஒரு பிரதி அந்த ஆளுக்கு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க டவுன் பஸ் ஏறி ஊர் ஊராக அலைவார். அந்த நேரத்தில் பத்து பாஸ்போர்ட் படம் எடுத்திருக்கலாம். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள், போவார். அங்கே ஒரே நாளில் இருபது கல்யாணம் நடக்கும். கூப்பிட்ட குடும்பத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தூணோரம் ஒரு தம்பதி தனியாக உட்கார்ந்திருந்ததாம். அந்தக் கிழவர், மனைவி கழுத்தில் வழிந்த கலசத் தண்ணீரைத் தன் புது வேட்டியின் நுனியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாராம். காதர் மைதீன் போய்க் கேட்டிருக்கிறார். "பிள்ளைங்க யாரும் வரலீங்க தம்பி. இதைப் போட்டோ புடிச்சு யாருக்குக் காட்டப்போறோம்" என்று அவர் மறுத்துவிட்டார். இவரும் வந்துவிட்டார். மூன்று நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"தள்ளி நின்னு எடுத்திருக்க வேண்டியதுதானே. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றேன், பொறுக்கமாட்டாமல்.

"எனக்குத் தெரியுமே தங்கையண்ணே" என்றார்.

அவர் பிறவியிலேயே இப்படி இல்லை. அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் வரை எல்லாக் கேமராக்காரரும் எப்படியோ அப்படித்தான் இருந்தார். அப்போது ஆட்சி மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் கறுப்பு சிவப்புக் கொடி, வயலோரத்தில் செங்கொடி. குத்தகைக்காரனைப் பாதுகாக்கச் சட்டம் வரப்போகிறது, உழுகிறவன் பேரைப் பதியப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சட்டம் வருவதற்குள் குத்தகைக்காரனை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று மிராசுதார்கள் துடித்தார்கள். எனக்கு அந்த இரண்டு வருஷம் மனு எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

அவரிடம் இருந்தது மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா. கண்ணில் வைத்துப் பார்க்கிற சாதி இல்லை. வயிற்றுக்கு நேரே பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். தூரத்தில் இருப்பவருக்கு, இந்த ஆள் என்னத்தையோ ரிப்பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றுதான் தோன்றும். ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதற்கு அதைவிட வசதியான கேமரா கிடையாது.

ஒரு முகூர்த்தத்துக்குப் படம் எடுத்துவிட்டு, விடிந்ததும் பாமணி ஆற்றங்கரை வழியாக சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மேலக்கரம்பூர் தாண்டும்போது ஆற்றோர வயலில் ஒரு பெண் தனியாக நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வயல் நிறையத் தண்ணீர், அதில் சூரியன். அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்தாள். மறு கையில் நாற்று முடி. நெற்றியில் சேறு. எங்கேயோ பார்த்தாள். இவர் சைக்கிளை நிறுத்தி, குனிந்து, எடுத்துவிட்டார். அவளுக்குத் தெரியாது.

எனக்கு இதில்தான் ஆத்திரம். நடவு என்றால் பத்துப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பேச்சும் சிரிப்புமாகப் பக்கத்து ஊர்வரை கேட்கும். பொழுது கிளம்பும்போதே ஒருத்தி மட்டும் தன்னந்தனியாக நடுகிறாள் என்றால், யாரும் பார்க்கக்கூடாது என்று நடுகிறாள். டெல்டாவில் வரப்பு மிதித்த எந்த மடையனுக்கும் இது புரியும். காதர் மைதீன் கூத்தாநல்லூரில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். நெல்லை மூட்டையில் பார்த்தவர். அவருக்கு அது நல்ல படம், அவ்வளவுதான்.

அவள் பெயர் மங்களாம்பிகை. புருஷன் சிங்காரவேலு சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்த வயல் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். மிராசுதாரிடம் சிங்காரவேலுவின் அப்பா காலத்திலிருந்து குத்தகை. அவர்கள் சாதியில் வீட்டுப் பெண்கள் சேற்றில் இறங்குவதில்லை. இறங்கினால் குடும்பம் நொடித்துப் போய்விட்டது என்று அர்த்தம். சிங்கப்பூர்ப் பணம் ஒழுங்காக வராத மாதங்களில் மங்களாம்பிகை ஊர் எழுவதற்கு முன் போய் நட்டுவிட்டு, குளித்து, புடவை மாற்றி, ஒன்றும் தெரியாதவள்போல் வாசல் தெளித்துக்கொண்டு நிற்பாள். மிச்சத்துக்குத்தான் கூலியாள்.

காதர் மைதீன் படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து நானே அதைப் பார்த்திருக்கிறேன். நல்ல படம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எட்டாம் நாள் ஒருவர் உள்ளே வந்து, "என்னமா எடுத்திருக்கீங்க பாய், உசுரோட நிக்குது. எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். படம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதில் இவருக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சலட்டை அளவில் ஒன்று போட்டு, பின்னால் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் குத்திக் கொடுத்துவிட்டார்.

வந்தவர் சாமிதுரை. மேலக்கரம்பூர் மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். நிலத்தையெல்லாம் பார்த்துக்கொண்ட காரியக்காரர் இந்த சாமிதுரைதான். ஆற்றோர ஒன்பது மாவின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். ஊருக்குள் போய் அவர் சொன்னது ஒரே ஒரு வரிதான்: "சிங்கப்பூரான் வீட்டம்மா மன்னார்குடியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள நாத்து நடுது."

அதற்கு மூன்றாம் நாள் மங்களாம்பிகை ஸ்டுடியோவுக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். பிறகு உள்ளே வந்து, "வெளியில இருக்கிற பொம்பளை நான்தாங்க" என்றாள்.

காதர் மைதீன் சந்தோஷமாக, "உக்காருங்க தங்கச்சி, படத்துல உங்களுக்கு ஒரு காப்பி போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவு விவரம் கெட்ட ஆள் அன்றைக்கு.

"தெரு பூராச் சிரிக்குதுங்க. என் நாத்தனா வீட்டுல இருந்து ஆள் விட்டுக் கேக்குறாங்க. உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் அங்கேயே கிழித்தாள். நெகட்டிவ் எங்கே என்று கேட்டாள். அதையும் எடுத்துக் கொடுத்தார். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, பொடிப்பொடியாக வெட்டினாள்.

"வேற யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க தங்கச்சி" என்றார் காதர் மைதீன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பின்னால் நான் அவரைக் கேட்டேன். "அந்தப் புள்ள முகத்தைப் பாத்துட்டு ஆமான்னு சொல்ல வாய் வரலை" என்றார். அந்தப் பொய்க்குப் பிறகுதான் 'எடுக்கலாமாங்க' ஆரம்பித்தது. கண்ணாடிப் பெட்டியை ஒரு வருஷம் காலியாகவே வைத்திருந்தார்.

சட்டம் வந்தது. எழுபத்திரண்டில் மங்களாம்பிகை என் புங்கமரத்தடிக்கு வந்தாள். சிங்காரவேலு பேரில் ஒன்பது மாவுக்கும் குத்தகைப் பதிவு கேட்டு மனு எழுத வேண்டும். எழுதினேன். மிராசுதார் தரப்பில் சாமிதுரை ஆட்சேபம் கொடுத்தார். குத்தகைக்காரனோ அவன் குடும்பத்தில் ஒருவரோ நிலத்தில் உடம்பால் உழைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சாமிதுரை தன் கையால் எழுதிக் கொடுத்தது இது: 'மேற்படி சிங்காரவேலு வெளிநாட்டில் இருக்கிறார். அவர் மனைவி வீட்டில் இருப்பவர். அக்குடும்பத்தார் எவரும் ஒருநாளும் வயலில் இறங்கியது கிடையாது. கூலியாட்களை வைத்தே சாகுபடி நடக்கிறது.'

"சாட்சி யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் பாக்கக்கூடாதுன்னுதானே செஞ்சேன்" என்றாள்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கூலிக்கு வந்த பெண்களைக் கேட்டால், நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். உண்மை, அவர்கள் பார்த்ததில்லை. கர்ணம் சாமிதுரையின் ஆள். பதிவு கிடைக்காவிட்டால் அடுத்த பட்டத்துக்கு வயலில் கால் வைக்க முடியாது. இரண்டு பிள்ளைகள், சிங்கப்பூரிலிருந்து எப்போதோ வரும் பணம், இந்த ஒன்பது மா. அவளுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு நூர் ஸ்டுடியோவுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். காதர் மைதீன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நெகட்டிவைத்தான் வெட்டியாச்சே" என்றாள் மங்களாம்பிகை. "நானே வெட்டிப்புட்டேன்."

அவர் எழுந்து நின்றார். "ஒரு காப்பி வெளியில இருக்குங்க. சாமிதுரை வந்து கேட்டாரு, குடுத்தேன். அன்னிக்கு உங்ககிட்ட இல்லேன்னு பொய் சொன்னேன்."

அவள் அவரை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போலாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சாமிதுரையிடம் இருக்கும் படம் எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்? இருந்தும் இல்லாததுதான்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்து சிங்கப்பூருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அவளுக்கு எழுதத் தெரியும், ஆனால் இதைத் தன் கையால் எழுத முடியாது என்றாள். வழக்கு விவரத்தைச் சொல்லிவிட்டு, "இத்தனை வருசமா நானும் வயல்ல இறங்கித்தான் வேலை செஞ்சேன், உங்ககிட்ட மறைச்சிட்டேன், மன்னிக்கணும்னு எழுதுங்க" என்றாள். நிலம் போவதைவிட இது அவருக்குத் தெரிவதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

இருபது நாளில் பதில் வந்தது. உறை தடியாக இருந்தது. அவள் அதைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து, "நீங்களே படிங்க" என்றாள். பிரித்தேன். உள்ளே அந்தப் படம்.

ஓரமெல்லாம் மழுங்கிப்போய் இருந்தது. பின்னால் நூர் ஸ்டுடியோ முத்திரை, தேதி. அதன் கீழே வேறொருவர் கையெழுத்தில் இரண்டு வரி: 'உன் மனைவி மேலக்கரம்பூர் ஆற்றோர ஒன்பது மாவில் கூலியாள் போல் நாற்று நடும் லட்சணம் இது. கௌரவம் உள்ளவன் அந்த நிலத்தை இன்றே விட்டுவிடுவான்.' கையொப்பம் இல்லை. அந்தக் 'கூ'வின் வளைவைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமிதுரையின் ஆட்சேப மனுவில் இருந்த அதே எழுத்து.

சிங்காரவேலு எழுதியிருந்ததை அவளுக்குப் படித்தேன். "இது வந்து நாலு வருசம் ஆச்சு. மொதல்ல ஆத்திரம் வந்துச்சு. ஒனக்கு எழுதிக் கேக்கலாம்னு நெனைச்சேன், கேட்டா ஒன் மனசு என்ன பாடுபடும்னு விட்டுட்டேன். கல்யாணப் போட்டோவுல நீ தலையைக் குனிஞ்சிருப்பே. ஒம் முகம் தெரியிற மாதிரி எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். தலைமாட்டுலயே வச்சிருந்தேன். வேலை முடிஞ்சதும் மறக்காம திருப்பி அனுப்பு."

மங்களாம்பிகை படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தாலுகா ஆபீஸ் வாசலில் அழுகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். வேறு பக்கம் திரும்பி மைக்கூட்டைத் துடைத்தேன்.

படம் கிடைத்தாலும் அது போதாது. அதை எடுத்தவர் வந்து, இன்ன நாளில் இன்ன வயலில் எடுத்தேன், இந்த ஆளிடம் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். காதர் மைதீனிடம் போய்க் கேட்டேன். அவர் நிலைமையையும் சொல்ல வேண்டும் அல்லவா? சுற்றுவட்டாரத்தில் முஸ்லிம் வீடுகளில் பாஸ்போர்ட் படத்துக்கு உள்ளே கூப்பிட்டுப் பெண்களை எடுக்கச் சொல்வது இவர் ஒருவரைத்தான். இவர் நல்லவர், படம் வெளியே போகாது என்ற நம்பிக்கைதான் அவர் பிழைப்பு. அந்நியப் பெண்ணைத் தெரியாமல் எடுத்தேன், இன்னொரு ஆம்பிளைக்குக் கொடுத்தேன் என்று சபையில் சொன்னால் நாளைக்கு எந்த வீட்டில் கதவைத் திறப்பார்கள்?

"யோசிச்சுச் சொல்லுங்க பாய்" என்றேன்.

"யோசிக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. என்னிக்கு வாய்தா?" என்றார்.

வாய்தா அன்று தாசில்தார் அறையில் நிற்க இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் மேலக்கரம்பூர்க்காரர்கள். படம் தாசில்தார் மேசையில் இருந்தது. சாமிதுரை தரப்பு வக்கீல் காதர் மைதீனைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இந்தம்மாவ எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டீரா?"

"இல்லீங்க."

"யாருன்னே தெரியாத ஒரு பெண்ணைத் திருட்டுத்தனமா எடுத்தீர். கடை வாசல்ல மாட்டினீர். கேட்டவருக்குப் பிரதி போட்டுக் குடுத்தீர். அந்தம்மா வந்து கேட்டப்ப, குடுக்கலைன்னு பொய்யும் சொன்னீர். அப்படித்தானே?"

"அப்படித்தாங்க."

"இப்ப மட்டும் உண்மை சொல்றீர்னு நாங்க நம்பணும்?"

காதர் மைதீன் தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார். "ஐயா, இவர் சொன்ன அத்தனையும் நான் செஞ்சதுங்க. ஒண்ணையும் மாத்திச் சொல்லலை. இவ்வளவு அசிங்கத்தையும் ஒத்துக்கிட்டவன், யாருக்குக் குடுத்தேங்கிறதுல மட்டும் எதுக்குங்க பொய் சொல்லணும்? நான் போட்டுக் குடுத்தது ஒரே காப்பி. வாங்கினவரு அதோ நிக்கிறாரு."

தாசில்தார் படத்தைத் திருப்பி ஆட்சேப மனுவின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாமிதுரையைக் கூப்பிட்டு, "அந்தக் குடும்பத்துல ஒருத்தரும் வயல்ல எறங்கினதில்லைன்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா ஒன்பது மாவுல நாத்து நடுதுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. எதை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேட்டார். சாமிதுரை தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

தாசில்தார் மங்களாம்பிகையைப் பார்த்து, படத்தில் இருப்பது நீதானா என்றார். மேலக்கரம்பூர் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான்தாங்க" என்றாள். "அன்னிக்கு மட்டும் இல்லீங்க. பத்து வருசமா நட்டிருக்கேன், களை எடுத்திருக்கேன், அறுத்திருக்கேன்."

பதிவுக்கு உத்தரவானது.

உத்தரவு நகல் வாங்கிக்கொண்டு அவள் குமாஸ்தாவிடம் படத்தைக் கேட்டாள். "அது ஆவணம்மா. கோப்புல தைச்சாச்சு. வெளிய தரமுடியாது" என்றார் அவர். நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். மிராசுதார் அப்பீல் போனால் மேலே அனுப்ப வேண்டுமாம். அப்பீலும் போனார்கள், கோப்பு தஞ்சாவூருக்குப் போனது, தோற்றார்கள், கோப்பு திரும்பி வரவே இல்லை. எந்த அலமாரியில் எலி தின்கிறதோ.

"இன்னொண்ணு போட்டுத் தர முடியாதாங்க?" என்று அவள் காதர் மைதீனைக் கேட்டாள். கேட்ட பிறகுதான் கத்தரிக்கோல் நினைவு வந்தது. முகம் செத்துவிட்டது.

"உக்காருங்க, புதுசா எடுக்கிறேன்" என்றார் அவர். நல்ல புடவை கட்டிக்கொண்டு மறுநாள் வந்தாள். ஆறு படம் எடுத்தார். ஆறும் அச்சு அசலாக அவள்தான். ஆறிலும், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து மேசையில் வைத்துவிட்டாள்.

மரத்தடிக்கு வந்து கடிதம் எழுதச் சொன்னாள். "நெலம் நம்ம பேர்ல பதிஞ்சாச்சு. போட்டோவ ஆபீசுல வச்சுக்கிட்டாங்க, திருப்பி வராது. என்னைப் பாக்கணும்னா நேர்ல வந்து பாருங்க." அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாள். ஆசீர்வாதம், க்ஷேமம் என்று நான் வழக்கமாகச் சேர்க்கிற எதையும் சேர்க்கவில்லை.

சாட்சி சொன்ன பிறகு காதர் மைதீனை ஏழெட்டு மாதம் எந்த வீட்டிலும் உள்ளே கூப்பிடவில்லை. கூத்தாநல்லூரிலிருந்து ஹபீபுன்னிசா என்ற அம்மாள்தான் முதலில் ஆள் அனுப்பினார், மகளுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க. "தப்பை ஒத்துக்கிட்ட ஆளுகிட்ட எடுத்துக்கிறேன். மத்தவன் செஞ்சு மறைச்சதை நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்" என்று சொன்னாராம்.

அந்தத் தை அறுப்புக்கு சிங்காரவேலு வந்து இறங்கினார். ஒருநாள் இருவருமாக ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன். வெயிலில் கறுத்த, தோள் அகன்ற மனிதர்.

"இவளை எடுத்தது நீங்கதானா?"

"நான்தாங்க. கேக்காம எடுத்துட்டேன்" என்றார் காதர் மைதீன். அடி விழும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றார்.

சிங்காரவேலு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டிருந்தீங்கன்னா இவ ஒத்துக்கிட்டிருக்க மாட்டா பாய். நாலு வருசம் எனக்கு இவ மொகம் கெடச்சிருக்காது. நெலமும் இருந்திருக்காது. நீங்க கேக்காம எடுத்ததுதான் நல்லதாப் போச்சு."

காதர் மைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருஷமாக இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் நின்றார்.

மங்களாம்பிகை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நல்லதாப் போச்சு. ஊரு சிரிச்சது என்னையத்தானே. கேட்டிருக்கணும். நான் வேணாம்னு சொல்லியிருந்தா, விட்டுட்டுப் போயிருக்கணும்" என்றாள்.

காதர் மைதீன் சிங்காரவேலுவின் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "ஆமாங்க தங்கச்சி" என்றார்.